கிரைம் சீன் டிஎன்ஏ-வை வச்சு ஆளோட பூர்வீகம் சொல்றாங்களே, எவ்வளவு தூரம் நம்பலாம்?

இளங்கோ_எல் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் சட்டம் மூணாவது வருஷம் படிக்கிறேன், தடயவியல் சாட்சியம் பேப்பருக்கு ஒரு செமினார் எடுக்கணும். தலைப்பு நானே கேட்டு வாங்கினதுதான், டிஎன்ஏ-வை வச்சு குற்றவாளியோட வம்சாவளி கண்டுபிடிக்கிறது. சாதாரண டிஎன்ஏ மேட்ச் புரியுது, சந்தேகப்படுற ஆள்கிட்ட சாம்பிள் எடுத்து ஸ்பாட்ல கிடைச்சதோட ஒப்பிடுவாங்க, ஒத்துப்போனா ஆள் மாட்டினான். இது அது இல்ல. சந்தேகப்பட ஒரு ஆளும் கைல இல்ல, டேட்டாபேஸ்ல தேடியும் யாரும் வரல, அப்போ அந்த ரத்தத்தை மட்டும் வச்சுக்கிட்டு இந்த ஆளோட முன்னோர் இந்தக் கண்டத்துல இருந்து வந்தவங்கன்னு சொல்றாங்க, அதை எப்படி சொல்ல முடியுதுங்கிறது தான் என் கேள்வி.

நான் படிச்ச ஒரு கட்டுரையில அமெரிக்காவோட லூசியானா தொடர் கொலை கேஸ் இருந்துச்சு. 2003ல ரிசல்ட் 85% ஆப்பிரிக்கா, 15% அமெரிக்கப் பூர்வகுடின்னு வந்துச்சாம், அதுக்கப்புறம் ஆள் பிடிபட்டானாம். இந்த 85ன்னா என்ன அர்த்தம்? ஆள் 85% ஆப்பிரிக்கனா, இல்ல ஆப்பிரிக்கனா இருக்க 85% வாய்ப்பா? எங்க சொந்தக்காரர் ஒருத்தர் ரெண்டு கம்பெனியில எச்சில் குடுத்து டெஸ்ட் பண்ணினார், ரெண்டும் வேற வேற பர்சென்டேஜ் குடுத்துச்சு, அதை பாத்ததுல இருந்து எனக்கு இன்னும் சந்தேகம். ஒரு கம்பெனிக்கு ஒரு நம்பர்னா அதை நம்பி போலீஸ் ஒரு சமூகத்து மேலயே கண்ணு வைக்கிறது நியாயமா? தெரிஞ்சவங்க விளக்கமா சொல்லுங்க ப்ளீஸ்.

லேப்_தேவகி பதில்:

தம்பி, நான் டிஎன்ஏ லேப்ல வேலை பாக்குறவ, கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

மேட்சுக்கு பாக்குறது எஸ்டிஆர். ஒரு சின்ன எழுத்துத் துண்டு ஒரு இடத்துல எத்தனை தடவை திரும்பத் திரும்ப வருதுங்கிற எண்ணிக்கை. அமெரிக்காவோட கோடிஸ்ங்கிற போலீஸ் டிஎன்ஏ டேட்டாபேஸுக்கு ஆரம்பத்துல இப்படி 13 இடம் பாத்தாங்க, 2017 ஜனவரியில இருந்து 20 இடம். இந்த இடங்களை பொறுக்கி எடுத்ததே எந்த மக்கள் கூட்டத்தை எடுத்தாலும் ஆளுக்கு ஆள் எக்கச்சக்கமா மாறுதுங்கிறதால தான். ஒருத்தரை இன்னொருத்தர்கிட்ட இருந்து பிரிக்க அது அருமையான கருவி, அதே காரணத்தால ஒரு கூட்டத்தை இன்னொரு கூட்டத்துகிட்ட இருந்து பிரிக்க அது பெருசா உதவாது. பூர்வீகத்துக்கு இதுக்கு நேர் எதிரானது வேணும், ஒரு பகுதியில கிட்டத்தட்ட எல்லார்கிட்டயும் இருக்கணும், இன்னொரு பகுதியில அனேகமா யார்கிட்டயும் இருக்கக் கூடாது. ஒத்தை எழுத்து மட்டும் மாறியிருக்கிற இடங்கள்ல, ஸ்னிப்னு சொல்லுவோம், அப்படி சிலது கிடைக்குது.

டஃபின்னு ஒரு ரத்த வகை ஜீன் இருக்கு. அதுல ஒரு மாற்றம் மேற்கு ஆப்பிரிக்காவுல கிட்டத்தட்ட எல்லார்கிட்டயும் இருக்கு, ஐரோப்பாவுலயும் கிழக்கு ஆசியாவுலயும் தேடினாலும் கிடைக்காத அளவுக்கு அபூர்வம். காரணம் மலேரியா, அந்த மாற்றம் இருந்தா வைவாக்ஸ்ங்கிற மலேரியா கிருமி ரத்த அணுவுக்குள்ள நுழையிறது கஷ்டம், அதனால அங்க பல தலைமுறையா அது நிலைச்சிருச்சு. ஈடார்னு இன்னொரு ஜீன், அதுல ஒரு மாற்றம் கிழக்கு ஆசியாவுலயும் அமெரிக்கப் பூர்வகுடிகள்கிட்டயும் ரொம்ப அதிகம், தலைமுடி தடிமனா இருக்கிறதுக்கும் முன்பல் வடிவத்துக்கும் அதோட சம்பந்தம் உண்டு. அடுத்தது தோல் நிறத்துக்கான எஸ்எல்சி24ஏ5. அதுல ஒரு வடிவம் ஐரோப்பாவுல ஏறக்குறைய எல்லார்கிட்டயும் இருக்கு, ஆனா தெற்காசியாவுலயும் பரவலா இருக்கு, தென்னிந்தியர்கள்கிட்டயும் சேர்த்து. அப்போ அந்த ஒண்ணை மட்டும் பாத்து ஐரோப்பியன்னு எழுதினா அது தப்பான ரிப்போர்ட். அதனால தான் ஒண்ணு ரெண்டு பாக்காம ஒரு செட்டா பாக்குறோம். யேல் பல்கலைக்கழகத்துல கென்னத் கிட் குழு தேர்ந்தெடுத்த 55 ஸ்னிப் செட் ரொம்ப பிரபலம், செல்டின் குழுவோட 128 இன்னொண்ணு, ரெண்டையும் சேர்த்து 165 ஸ்னிப்போட ரெடிமேட் டெஸ்ட் செட்டே விக்கிறாங்க.

இப்போ உங்க 85. அது வாய்ப்புக் கணக்கு இல்ல. அந்த ஆளோட டிஎன்ஏ-வை ஆப்பிரிக்கா, ஐரோப்பா, கிழக்கு ஆசியா, அமெரிக்கப் பூர்வகுடின்னு முன்னாடியே வகுத்து வச்ச சில குழுக்களோட கலவையா எழுதினா எந்த விகிதம் நல்லா பொருந்துதுங்கிற மதிப்பீடு. மதிப்பீடுன்னா அதுக்கு மேலயும் கீழயும் ஒரு பிழை வரம்பு இருக்கும், அதை போடாம வெறும் 85, 15ன்னு குடுத்தா அந்த ரிப்போர்ட்டை நான் பாதி ரிப்போர்ட்னு தான் சொல்லுவேன். மார்க்கர், அதாவது டிஎன்ஏ-ல நாம பாக்குற இடங்கள், கம்மியா இருக்கிற டெஸ்ட்ல அந்த 15 நிஜமாவே ஒரு முன்னோரா, இல்ல வெறும் இரைச்சலான்னு பிரிக்கிறது கஷ்டம். உங்க சொந்தக்காரருக்கு ரெண்டு நம்பர் வந்ததும் இதே கதை தான், ரெண்டு கம்பெனிகிட்டயும் இருக்கிற ஒப்பீட்டு மாதிரிகள், அதாவது பூர்வீகம் தெரிஞ்ச ஆட்களோட டிஎன்ஏ, வேற, குழு பிரிக்கிற விதமும் வேற. அவங்க லட்சக்கணக்கான ஸ்னிப் பாக்குறாங்க, எச்சில் குடுத்தா சுத்தமான டிஎன்ஏ தாராளமா கிடைக்குது. எங்களுக்கு வர்றது மக்கிப்போன, ஒரு நானோகிராமுக்கும் கம்மியான சாம்பிள், அதனால தான் நூத்துச் சொச்சம் மார்க்கரோட நிக்கிறோம்.

இன்னொரு பெரிய சிக்கல் ஒப்பீட்டு மாதிரி. சாஃப்ட்வேருக்கு நாம எந்தக் கூட்டங்களை குடுத்தோமோ அதுக்குள்ள தான் அது பொருத்தம் தேடும், மெனு கார்டுல இல்லாததை ஆர்டர் பண்ண முடியாத மாதிரி. பல நாட்டு மக்களோட டிஎன்ஏ-வை படிச்சு வச்ச, எல்லாரும் எடுத்தாள்ற 1000 ஜீனோம்ஸ் திட்டத்துல, 2015ல முடிஞ்ச கட்டத்துல, 26 மக்கள் கூட்டம், 2504 பேர். அதுல தெற்காசியாவுக்கு அஞ்சு கூட்டம்: ஹூஸ்டன்ல இருக்கிற குஜராத்திகள், லாகூர் பஞ்சாபிகள், வங்கதேசத்து வங்காளிகள், பிரிட்டன்ல இருக்கிற தெலுங்கர்கள், அங்கேயே இருக்கிற இலங்கைத் தமிழர்கள். ஒவ்வொண்ணுலயும் ஏறக்குறைய நூறு பேர், அவ்வளவு தான். இத்தனை கோடி மக்கள், இத்தனை உள்மணம் பண்ற சமூகங்கள், அதுக்கு இந்த ஐந்நூறு பேர். மத்திய கிழக்கு, மத்திய ஆசியா ஆட்கள் ஐரோப்பாவுக்கும் தெற்காசியாவுக்கும் நடுவுல விழுவாங்க. மாட்ரிட்ல 2004 ரயில் குண்டுவெடிப்பு சாம்பிள்கள்ல ஐரோப்பாவா வட ஆப்பிரிக்காவான்னு பிரிக்க வேண்டி வந்தப்போ 34 ஸ்னிப் செட் மட்டும் பத்தல, அப்பா வழியில வர்ற ஒய் குரோமோசோம், அம்மா வழியில வர்ற மைட்டோகாண்ட்ரியான்னு எல்லாத்தையும் சேர்த்து வச்சுத்தான் பாத்தாங்க. தூரத்துக் கண்டங்களை பிரிக்கிறது சுலபம், பக்கத்து வீடுகளை பிரிக்கிறது தான் கஷ்டம்.

கதிர்_72 பதில்:

தேவகி மேடம் சொன்ன அறிவியலை நான் மறுக்கல, ஆனா அது லேபை விட்டு வெளிய வந்ததும் என்ன ஆகுதுன்னு யாராவது சொல்லியே ஆகணும். 2009ல பிரிட்டன் எல்லை ஏஜென்சி ஒரு முன்னோட்டத் திட்டம் ஆரம்பிச்சுது, சோமாலியால இருந்து வந்தேன்னு சொல்லி அடைக்கலம் கேட்டவங்ககிட்ட டிஎன்ஏ எடுத்து, நகம் முடியில ஐசோடோப் (ஒரே தனிமத்தோட வேற வேற எடை அணுக்கள்) பாத்து, நீ நிஜமாவே சோமாலியாக்காரனா இல்ல பக்கத்து நாடான்னு கண்டுபிடிக்கிறதுன்னு. ஒரு நாட்டோட குடியுரிமை எந்த ஜீன்ல எழுதியிருக்கு? எல்லைக்கோடு மனுஷன் போட்டது, ரெண்டு பக்கமும் ஒரே மக்கள் தான் இருக்காங்க. டிஎன்ஏ கைரேகையை கண்டுபிடிச்ச அலெக் ஜெஃப்ரிஸே இதை கண்டிச்சார், கடைசியில 2011ல கைவிட்டாங்க. ஆனா அந்த யோசனை ஒரு அரசாங்க ஆபீஸ்ல பல கை மாறி கையெழுத்தாகி நடைமுறைக்கு வந்துச்சுங்கிறதை நினைச்சா தான் எனக்கு பயம்.

கனடாவுல எட்மன்டன் போலீஸ் 2022 அக்டோபர்ல டிஎன்ஏ-வை வச்சு கம்ப்யூட்டர் வரைஞ்ச ஒரு முகத்தை ஊருக்கெல்லாம் போட்டாங்க, கிழக்கு ஆப்பிரிக்க வம்சாவளி, கறுப்பின இளைஞன்னு. அந்த முகம் யாரோட முகமும் இல்ல, வயசு தெரியாது, எடை தெரியாது, முடி எப்படி வெட்டியிருப்பான்னு தெரியாது. அந்த ஊர்ல இருக்கிற ஒவ்வொரு கறுப்பின பையனும் அந்தப் படத்துக்கு பொருந்துவான். எதிர்ப்பு வந்ததும் ரெண்டு நாள்ல எடுத்துட்டு மன்னிப்பு கேட்டாங்க. அதுக்குள்ள எத்தனை பேர் எத்தனை பையன்களை உத்துப் பாத்திருப்பாங்க? சீனாவோட சின்ஜியாங்ல உய்குர் மக்கள்கிட்ட கூட்டம் கூட்டமா டிஎன்ஏ எடுத்ததை பத்தியும் உங்க செமினார்ல ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி, அங்க 2019ல தெர்மோ ஃபிஷர்ங்கிற அமெரிக்க கம்பெனி டிஎன்ஏ மெஷின் விக்கிறதை நிறுத்துறோம்னு அறிவிக்கிற அளவுக்கு போச்சு. பெல்ஜியத்துல லூவென் பல்கலைக்கழகத்துல ஈவ் மொரோன்னு ஒரு பேராசிரியர், ஒழுங்கா சம்மதம் வாங்காம எடுத்த சாம்பிள்கள்ல எழுதின ஆராய்ச்சிக் கட்டுரைகளை வாபஸ் வாங்கணும்னு விடாம போராடுறார். அந்த ஒப்பீட்டு மாதிரி எங்கிருந்து வந்துச்சு, குடுத்தவன் எதுக்குன்னு தெரிஞ்சு குடுத்தானாங்கிறதும் இதுல ஒரு பாதி தான்.

மெஹர்_என் பதில்:

கதிர் அண்ணா கோபம் நியாயமானது, ஆனா இதே டெஸ்ட் ஒரு கூட்டத்தையே பழியில இருந்து காப்பாத்தின கேஸும் இருக்கு, அதை விட்டுட்டா படம் முழுசா இருக்காது.

நெதர்லாந்துல ஃப்ரீஸ்லாந்து மாகாணம், 1999ல 16 வயசு பொண்ணு ஒண்ணை கொன்னுட்டாங்க. பக்கத்துல கோலும்ங்கிற ஊர்ல அகதிகள் தங்குற மையம் இருந்துச்சு. ஊர் ஜனம் முழுக்க, இது அவனுங்க வேலை தான், நம்ம ஆளு இப்படி பண்ணவே மாட்டான்னு முடிவே பண்ணிட்டாங்க, கூட்டம் போட்டாங்க, அகதிகளுக்கு எதிரா அப்படி ஒரு கொதிப்பு. அப்போ லைடன்ல பீட்டர் டி நைஃப்ங்கிற ஆய்வாளர் ஒய் குரோமோசோமை பாத்து இது வடமேற்கு ஐரோப்பா பக்கத்து ஆளா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்னு சொன்னார். இதுக்கெல்லாம் 2003ல அந்த நாடு தனிச் சட்டமே கொண்டு வந்துச்சு. உடனே ஆள் கிடைக்கல, பல வருஷம் ஆச்சு. உறவினர் வழியா தேடுறதை சட்டம் அனுமதிச்ச பிறகு 2012ல சுத்துவட்டாரத்துல எட்டாயிரம் ஆம்பளைங்களை தானா முன்வந்து சாம்பிள் குடுக்கச் சொன்னாங்க. குடுத்தவங்கள்ல ஒருத்தரே ஆள், அந்த இடத்துல இருந்து சில கிலோமீட்டர்ல இருந்த ஒரு உள்ளூர் விவசாயி. 18 வருஷம் தண்டனை. அத்தனை வருஷமும் அந்த அகதிகள் மேல எவ்வளவு வெறுப்பு கொட்டியிருப்பாங்க யோசிங்க.

லூசியானாவுலயும் அப்படித்தான். சாட்சி சொன்னது வெள்ளை வண்டி, வெள்ளைக்காரன், அதை வச்சு ஆயிரத்துக்கு மேல வெள்ளைக்காரங்ககிட்ட சாம்பிள் எடுத்தாங்க, ஒண்ணும் தேறல. டெஸ்ட் ரிசல்ட் வந்து அந்த வழி தப்புன்னு காட்டுச்சு. ஆனா இளங்கோ, உங்க கட்டுரையில அந்த டெஸ்ட் தான் பிடிச்சு குடுத்துச்சுன்ற மாதிரி இருந்தா அதை அப்படியே எடுத்துக்காதீங்க. வேற ஊர்ல பழைய கேஸ்களை தோண்டிட்டு இருந்த விசாரணைக்காரங்க தனியா ஒருத்தன் மேல சந்தேகப்பட்டு கோர்ட் ஆர்டர் வாங்கி சாம்பிள் எடுத்தாங்க, அந்த எஸ்டிஆர் மேட்ச் ஆனதால தான் 2003 மே மாசம் கைது. பூர்வீக டெஸ்ட் செஞ்சது, போலீஸ் கண்ணுல இருந்த பட்டையை கழட்டினது மட்டும்.

இளங்கோ_எல் பதில்:

ரொம்ப நன்றி எல்லாருக்கும், இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல. தேவகி அக்கா, இன்னும் ரெண்டு சந்தேகம். மெஹர் சொன்ன கேஸ்ல ஒய் குரோமோசோம் மட்டும் பாத்தே சொல்லிருக்காங்க, அது போதுமா? அப்புறம் 2018ல கலிஃபோர்னியாவுல பிடிச்ச கோல்டன் ஸ்டேட் கில்லர்ங்கிற தொடர் கொலைகாரன் கேஸும் இதே முறை தானா, பல இடத்துல ஒண்ணா சேர்த்தே எழுதுறாங்க.

லேப்_தேவகி பதில்:

போதாது தம்பி. அந்தக் கேஸ்ல சரியா வந்துச்சு, எல்லா கேஸ்லயும் வரும்னு சொல்ல முடியாது. ஒய் வந்து அப்பா, அப்பாவோட அப்பா, அவரோட அப்பான்னு ஒரே ஒரு கோடு, மைட்டோகாண்ட்ரியா அம்மா வழியில ஒரே கோடு. பத்து தலைமுறை மேல போனா உங்களுக்கு ஆயிரத்துச் சொச்சம் முன்னோர், அதுல ஒய் சொல்றது ஒருத்தரை பத்தி. 2007ல டூரி கிங், மார்க் ஜாப்லிங்ங்கிற மரபியல் ஆய்வாளர்கள் குழு இங்கிலாந்துல யார்க்ஷயர் பக்கத்து அபூர்வமான குடும்பப்பேர் உள்ளவங்களை பாத்தாங்க, அதுல 18 பேரை பாத்ததுல 7 பேர்கிட்ட மேற்கு ஆப்பிரிக்காவுல மட்டும் அபூர்வமா காணப்படுற ஒய் வகை இருந்துச்சு. பாக்க எல்லாரும் சாதாரண ஆங்கிலேயர், ஆப்பிரிக்க முன்னோர் பத்தி யாருக்கும் தெரியாது. அப்படி ஒருத்தர் ரத்தம் கிரைம் சீன்ல கிடைச்சு, ஒய் மட்டும் பாத்து ரிப்போர்ட் எழுதினா போலீஸ் எந்தப் பக்கம் ஓடியிருக்கும்?

கோல்டன் ஸ்டேட் கில்லர் வேற முறை. அங்க பூர்வீகம் பாக்கல, சொந்தக்காரங்களை தேடினாங்க. லட்சக்கணக்கான ஸ்னிப் எடுத்து ஜனங்க தங்களோட டிஎன்ஏ ரிசல்ட்டை தாங்களே போடுற ஜெட்மேட்ச்ங்கிற தளத்துல போட்டு தூரத்து உறவுக்காரங்களை கண்டுபிடிச்சு, குடும்ப மரம் வரைஞ்சு ஆள்கிட்ட வந்தாங்க. அது ஒரு குடும்பத்துக்கு கொண்டு போகும், பூர்வீக டெஸ்ட் ஒரு கண்டத்துக்கு மேல போகாது. மூணாவது ஒண்ணு தோற்றம் கணிக்கிறது. ஹைரிஸ்பிளெக்ஸ்-எஸ்ன்னு 41 மார்க்கர் செட், கண், முடி, தோல் நிறம் சொல்லும். நீலக்கண்ணும் கரும்பழுப்புக் கண்ணும் நல்லா வரும், ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற நிறம் வந்தா தடுமாறும். பூர்வீகத்தை வச்சு தோற்றத்தை ஊகிக்கிறதை விட நிறத்துக்கான ஜீனை நேரா பாக்குறது நேர்மையானது, ஏன்னா ஒரே பூர்வீகத்துல எல்லா நிறமும் இருக்கு. ஜெர்மனி 2019 டிசம்பர்ல சட்டம் திருத்தினப்போ இந்த கோட்டை தான் போட்டாங்க, கண், முடி, தோல் நிறம், வயசு வரைக்கும் ஓகே, பூர்வீகம் மட்டும் கூடாதுன்னு.

வக்கீல்_சாமி பதில்:

இளங்கோ, சட்டம் படிக்கிற பையன்ங்கிறதால நேரா சட்டத்துக்கு வர்றேன். பூர்வீக ரிப்போர்ட் குற்றத்தை நிரூபிக்கிற சாட்சியம் இல்ல, விசாரணை எந்தத் திசையில போகலாம்னு காட்டுற குறிப்பு. ஆள் பிடிபட்டதும் அவன்கிட்ட எடுக்கிற சாம்பிளோட எஸ்டிஆர் ஒப்பீடு தான் கோர்ட்ல நிக்கும், அது வந்ததுக்கு அப்புறம் இந்த பர்சென்டேஜுக்கு வேலையே இல்ல. அதனாலயே ஒரு ஆபத்து இருக்கு, கோர்ட்டுக்கு வராததால குறுக்கு விசாரணையும் வராது, அந்த ரிப்போர்ட்டை கேள்வி கேட்க யாரும் இல்லாமலே பல பேர் வாசல்ல போலீஸ் போய் நிக்கும்.

லண்டன்ல ஒரு கேஸ் பாருங்க. வயசானவங்க வீட்ல ராத்திரி புகுந்து பல வருஷமா தாக்கின ஒருத்தன். டிஎன்ஏ இருக்கு, ஆள் இல்ல. பூர்வீக டெஸ்ட்ல ஆப்பிரிக்கா, ஐரோப்பா, அமெரிக்கப் பூர்வகுடி கலவைன்னு வந்ததை வச்சு கரீபியன்ல விண்ட்வர்ட் தீவுகள்ங்கிற அளவுக்கு சுருக்கினாங்க, போலீஸ் அங்கேயே போனாங்க. தெற்கு லண்டன்ல கறுப்பின ஆம்பளைங்ககிட்ட சாம்பிள் கேட்டு சுத்தினாங்க, குடுக்க மறுத்தவங்க மேல சந்தேகம் விழுந்துச்சு. 2009ல போலீஸ் கண்காணிப்புல சிக்கினான், பாத்தா பிறந்தது ஜமைக்கா, அது விண்ட்வர்ட் தீவுகள்லயே இல்ல. கண்ட அளவுல டெஸ்ட் தப்பு சொல்லல, அதை தீவு அளவுக்கு இழுத்தது தான் தப்பு. உங்க செமினார்ல இதை நல்லா அழுத்திச் சொல்லுங்க. ரிப்போர்ட் எந்த ஒப்பீட்டு மாதிரியை வச்சு எழுதினது, பிழை வரம்பு என்ன, அதுல சேராத மக்கள் யாருங்கிறது அந்தக் காகிதத்துலயே எழுதியிருக்கணும், போலீஸுக்கு குடுக்கும்போதே. சாம்பிள் குடுக்க மறுக்கிறவன் மேல, மறுத்ததை வச்சே சந்தேகப்படக் கூடாதுன்னும் விதி வேணும்.

இளங்கோ_எல் பதில்:

சார், இது எனக்கு தேவைப்பட்ட விஷயமே. கடைசியா ஒண்ணு, சாம்பிள்ல ரெண்டு பேர் டிஎன்ஏ கலந்திருந்தா பூர்வீகம் பாக்க முடியுமா?

லேப்_தேவகி பதில்:

இது எஸ்டிஆரை விட மோசம் தம்பி. எஸ்டிஆர்ல ஒரு இடத்துல மூணு நாலு வகை தெரிஞ்சா உடனே கலப்புன்னு புரிஞ்சிரும். ஸ்னிப்ல பெரும்பாலும் ரெண்டே எழுத்து தான் சாத்தியம், அதனால ஒரு ஐரோப்பிய ஆளோட ரத்தமும் ஒரு ஆப்பிரிக்க ஆளோட ரத்தமும் சேர்ந்திருந்தா, கணக்கு அதை பாதிப் பாதி கலப்புள்ள ஒரே ஆளா காட்டிரும், அப்படி ஒரு ஆளே இல்லாதப்போ. அதனால முதல்ல எஸ்டிஆர் ஓட்டி ஒரே ஆளுடையது தானான்னு உறுதி பண்ணிட்டு தான் பூர்வீகத்துக்கு போகணும். ரெண்டு ஆளுன்னு தெரிஞ்சா அந்த சாம்பிளுக்கு பூர்வீக ரிப்போர்ட் குடுக்க மாட்டேன்னு லேப் எழுதிக் குடுக்கிறது தான் சரி, எவ்வளவு அவசரமான கேஸா இருந்தாலும்.